தெருவைப் பிள்ளைகளிடமிருந்து வாங்கிக்கொண்டவர்கள் நாம்தான்

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தமிழ்நாட்டில் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரியவர்களே,

பம்பரம், கோலி, கிட்டிப்புள், கமர்கட்டு, தேன்மிட்டாய், வெள்ளிக்கிழமை ராத்திரி ஒளியும் ஒலியும், கோடை விடுமுறையில் தாத்தா வீடு. நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், இந்தப் பேச்சு தானாக வந்துவிடுகிறது. பேசுவதில் தவறு ஒன்றும் இல்லை. பேச்சைக் கொண்டுபோய் முடிக்கும் இடம்தான் உறுத்துகிறது. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது, எந்நேரமும் செல்போன்தான்" என்று சொல்லி, நடந்ததற்கெல்லாம் பத்து வயதுப் பிள்ளையைப் பொறுப்பாக்கிவிட்டு எழுந்து கை கழுவுகிறோம். அந்த முடிவை மறுக்கத்தான் இந்த மடல். நாம் எதற்காக ஏங்குகிறோம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பகுதி ஊருக்குப் பொதுவாக இருந்த இடங்களும் வசதிகளும்தான். அவை காலப்போக்கில் தாமாகக் கரைந்துபோனவை என்று சொல்வது உண்மைக்குப் பொருந்தாது. வளர்ந்து ஆளான நாம், மனை வாங்கியும் வண்டி வாங்கியும் ஓட்டுப் போட்டும், கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காமல் இருந்தும் கைவிட்டவை அவை.

கிட்டிப்புள்ளையே எடுத்துக்கொள்வோம். சில ஊர்களில் அதைக் கில்லி என்பார்கள். வேலியோரத்தில் வெட்டிய ஒரு முழக் கோல் ஒன்று, இரண்டு முனையும் சீவிய விரல் நீளப் புள் ஒன்று. தரையில் சிறு குழி பறித்து, அதன் குறுக்கே புள்ளை வைத்துக் கோலால் நெம்பி எறிய வேண்டும். எதிராளி அதைப் பிடித்துவிட்டால் ஆட்டம் போச்சு. பிடிக்காவிட்டால், புள்ளின் முனையில் தட்டி எழுப்பி, அந்தரத்தில் வைத்தே ஓங்கி அடிக்க வேண்டும். விழுந்த இடத்திலிருந்து குழிவரை கோலாலேயே அளந்து எண்ணிக்கை சேர்ப்பார்கள். இந்த விளையாட்டுக்குக் காசு தேவைப்படவில்லை. ஆனால் குழி பறிக்க மண் தரை தேவைப்பட்டது. புள் பறந்து போய் விழ நீண்ட வெற்றிடம் தேவைப்பட்டது. உடைவதற்குக் கண்ணாடி எதுவும் அந்த வழியில் நிற்காமல் இருக்க வேண்டியிருந்தது. நொண்டிக்குக் கோடு கிழிக்கத் தரை வேண்டும், ஏழு கல்லுக்கு ஓடி ஒளியச் சந்து வேண்டும், பட்டத்துக்கு வானம் திறந்த பொட்டல் வேண்டும். நாம் "காசில்லாத விளையாட்டு" என்று பெருமையாகச் சொல்வதெல்லாம், ஊர் தன் நிலத்தை நமக்கு இலவசமாகக் கொடுத்ததால் விளையாடியவை.

விளையாட்டுக்கு வெளியே வந்தாலும் இதே கதைதான். அம்புலிமாமாவையும், 1972இல் இரும்புக்கை மாயாவியோடு சிவகாசியிலிருந்து கிளம்பிய முத்து காமிக்ஸையும் சொந்தமாகக் காசு கொடுத்து வாங்கிய வீடுகள் கொஞ்சம்தான். மற்றவர்களுக்குக் கை மாறி வந்த பிரதி இருந்தது, கிளை நூலகம் இருந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் பொது நூலகத்துக்கென்று முதலில் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம், 1948இல். எஸ்.ஆர். ரங்கநாதன் பல காலம் வலியுறுத்தியது அப்போது கைகூடியது. சொத்து வரியோடு நூலகத்துக்கென ஒரு வரியும் வசூலிக்க அந்தச் சட்டம் வழி செய்தது. நாம் பெஞ்சில் உட்கார்ந்து வாசித்த நாளிதழ், ஊர்க்காரர் அத்தனை பேரின் வரிக்காசில் வந்தது. வானொலிப் பெட்டி வைத்திருப்பவர் ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்த அந்த நாளில், பெட்டி இல்லாதவர்களுக்காக நகராட்சிப் பூங்காவில் ஒலிபெருக்கி கட்டிச் செய்தி போட்டார்கள். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கிய பிறகு, பல ஊர்களில் பஞ்சாயத்துக் கட்டடத்துப் பெட்டியின் முன்னால்தான் ஊர் கூடியது. சேர்ந்து பார்த்ததைத்தான் நாம் இன்று இனிமை என்கிறோம். அப்படிச் சேர்ந்து உட்கார ஒருவர் இடம் ஒதுக்கியிருந்தார், ஒருவர் மின்கட்டணம் கட்டியிருந்தார் என்பதை மறந்துவிடுகிறோம்.

இங்கே ஒருவர் குறுக்கிட்டு, "வசதி குறைவாக இருந்தாலும் மனம் நிறைவாக இருந்தது, அந்த எளிமைதான் நம்மை வளர்த்தது" என்று சொல்லக்கூடும். இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. இல்லாமைக்கு நன்றி சொல்வது, அந்த இல்லாமையில் செத்துப்போன பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி. 1971இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020இல் அந்த எண் 28. தமிழ்நாட்டில் 13. பழைய காலத்துச் சாப்பாடும் காற்றும் ஆரோக்கியமானவை என்று சொல்பவர்கள், அந்தக் காலத்தைப் பிழைத்து வந்தவர்கள். பிழைக்காதவர்கள் நம்மோடு பந்தியில் உட்கார்ந்து பேசுவதில்லை. பெரியம்மை இந்தியாவை விட்டுப் போனது 1975இல்தான். நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் விரிவடைந்தது 1985க்குப் பிறகு. சிம்னி விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தை இன்று அழகென்று வர்ணிக்கிறோம். 1991 கணக்கெடுப்பின்போதுகூடத் தமிழ்நாட்டில் பாதிக்குச் சற்று மேற்பட்ட வீடுகளில்தான் மின்சாரம் இருந்தது. மீதி வீட்டுப் பிள்ளைகள் அந்த மண்ணெண்ணெய்ப் புகையில்தான் பத்தாம் வகுப்புக்குப் படித்தார்கள்.

தீப்பெட்டிப் படத்தைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். நம்மில் பலர் அதைச் சேர்த்தோம். பெட்டியின் மேலட்டையைக் கிழித்து, சீட்டுக்கட்டு போல அடுக்கி, பந்தயம் வைத்து ஆடினோம். கிளி, மயில், கப்பல், தாமரை என்று எத்தனை விதம்! அந்த அட்டைகள் கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பக்கமிருந்து வந்தவை. விடிவதற்கு முன்பே ஊர் ஊராக வந்து நின்ற ஆலை வண்டியில் ஏறிப் போன சிறுமிகளும் சிறுவர்களும் குச்சி அடுக்கினார்கள். வீட்டில் இருந்தவர்கள் குரோஸ் கணக்கில் கூலிக்குப் பெட்டி ஒட்டினார்கள். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. நாம் சேர்த்த படத்தைப் பசை தடவி ஒட்டிய விரலுக்கும் நம் வயதுதான். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986இல் வந்தது. சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம், விதிமீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தபோது 1996 டிசம்பர் ஆகிவிட்டது. அதற்குள் நம் தலைமுறையின் பிள்ளைப்பருவம் முடிந்திருந்தது. அவர்களுடையதும் முடிந்திருந்தது. "நம்ம காலத்துப் பிள்ளைங்க" என்று பேசும்போது அவர்களையும் அந்த "நம்ம"வில் சேர்த்துக்கொள்கிறோமா என்பதை ஒவ்வொருவரும் தமக்குள் கேட்டுப்பார்க்க வேண்டும்.

இதைவிடக் கனமான ஒரு மறுப்பு என் வாதத்துக்கே உண்டு. பொது, பொது என்கிறாயே, அது யாருக்குப் பொதுவாக இருந்தது? நியாயமான கேள்வி. ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்கவும் சைக்கிளில் ஏறிப் போகவும் சேரிப் பிள்ளைகளை விடாத ஊர்கள் அப்போது இருந்தன. டீக்கடையில் தனிக் குவளை இருந்தது. பஞ்சாயத்து டிவிக்கு முன்னால் யார் பாயில் உட்கார்ந்தார்கள், யார் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள் என்பது அந்தந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பெண்பிள்ளைகளுக்குத் தெரு என்பது வயதுக்கு வரும்வரை கொடுத்த கடன். சடங்கு முடிந்த மறுநாள் நொண்டிக்கோடு அவர்களுக்கு அழிந்துவிடும். பலருக்குப் பள்ளிக்கூடமும் அதோடு நின்றது. 1971இல் இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தவர்கள் 22 விழுக்காடு. ஆகவே, அன்றிருந்த பொதுவெளியை அப்படியே திரும்பக் கொண்டுவாருங்கள் என்று யாரும் கேட்கக் கூடாது, நானும் கேட்கவில்லை. ஆனால் பொது என்று பெயர் வைத்த இடத்துக்குள்தான் விலக்கப்பட்டவர்கள் உரிமை கேட்டு நுழைய முடிந்தது. தனியார் வீட்டு வாசலில் யாரும் உரிமை கேட்க முடியாது. 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவும், 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தன. தலித் பெண் சமைத்தால் எங்கள் பிள்ளை சாப்பிடாது என்று தடுத்த ஊர்கள் இருந்தன. அந்தச் சண்டையை நடத்த ஒரு பொதுப் பந்தி இருந்ததால்தான் பல இடங்களில் அந்தத் தடை தோற்றது. நம் பழைய நினைவுப் பேச்சில் அம்மா கை ரசம் ஆயிரம் முறை வருகிறது, சத்துணவுத் தட்டு அபூர்வமாகத்தான் வருகிறது. பேசிக்கொண்டிருப்பவர்களில் பெரும்பாலோர் வீட்டில் சோறு இருந்தவர்கள் என்பதுதான் அதற்குக் காரணமாக எனக்குப் படுகிறது.

சரி, அந்தத் தெரு எங்கே போனது? 1971இல் இந்தியா முழுவதும் பதிவான மோட்டார் வண்டிகள் 19 லட்சத்துக்கும் குறைவு. 1981இல் 54 லட்சம். 2011இல் 14 கோடியைத் தாண்டிவிட்டது. இந்த நாற்பது ஆண்டுகளில் நம் தெருக்கள் ஒரு முழம்கூட அகலமாகவில்லை, ஆக்கிரமிப்பால் குறுகியவையே அதிகம். அந்த வண்டிகளை வாங்கியவர்கள் பத்து வயதுப் பிள்ளைகளா? நாம் வாங்கினோம், வீட்டுக்குள் நிறுத்த இடம் வைக்காமல் வாசலில் நிறுத்தினோம். மனைப்பிரிவு விஷயம் இன்னும் வேதனையானது. பெரிய மனைப்பிரிவு போடுகிறவர் 10 விழுக்காடு நிலத்தைப் பூங்காவுக்கும் விளையாட்டிடத்துக்கும் ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. சென்னைப் பெருநகரில் 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையிலான இடங்களுக்கு, நிலத்துக்கு ஈடாகப் பணம் கட்டிவிட்டுப் போகவும் வழி வைத்தார்கள். பணத்தில் பிள்ளைகள் ஓடியாட முடியாது. நிலமாகவே ஒதுக்கிய இடங்களிலும், வேலி போடாமல் விட்டு, குப்பை கொட்டவிட்டு, பிறகு யாரோ ஒரு கொட்டகை போட, அது கட்டடமாகிப் பட்டாவுக்கு அலைவதை ஊர் ஊராகப் பார்க்கிறோம். அங்கே வீடு வாங்கியவர்கள் நம் வயதுக்காரர்கள். வரைபடத்தில் "பூங்கா" என்று பச்சையடித்த கட்டத்தைப் பார்த்துத்தான் முன்பணமே கொடுத்தோம். பத்திரம் முடிந்த பிறகு அந்தக் கட்டம் என்ன ஆயிற்று என்று கேட்டவர்கள் குறைவு.

பள்ளிக்கூடத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. விளையாட்டிடம் இருக்க வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே எழுதியிருக்கிறது. இடமில்லாத பள்ளியில் கட்டணம் கட்டிச் சேர்த்ததும், விளையாட்டு வகுப்பைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்டபோது உள்ளூர மகிழ்ந்ததும் பெற்றோர்தான்.

"வளர்ச்சி என்றால் வண்டி வரத்தான் செய்யும், போன தெரு திரும்பாது" என்பது அடுத்த மறுப்பு. திரும்பிய தெருக்கள் உண்டு. நாம் கிட்டிப்புள் ஆடிக்கொண்டிருந்த அதே 1970களில், நெதர்லாந்தில் கார்கள் பெருகி, 1971ஆம் ஆண்டில் மட்டும் 400க்கு மேற்பட்ட குழந்தைகள் சாலை விபத்தில் இறந்தார்கள். பெற்றோர் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். பிள்ளைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்பதையே இயக்கத்தின் பெயராக வைத்தார்கள். குடியிருப்புத் தெருக்களில் நடப்பவருக்கும் விளையாடுபவருக்கும்தான் முதல் உரிமை, வண்டி நடை வேகத்தில்தான் போக வேண்டும் என்ற ஏற்பாடு அங்கே 1976இல் சட்டமாகவே ஆனது. அந்த நாட்டில் வண்டிகள் குறையவில்லை, சட்டமும் தெருவின் அமைப்பும் மாறின. நம் நாட்டிலும் முன்னுதாரணம் இருக்கிறது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்து அங்கே குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 1991இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டை ரத்துசெய்தது. மருத்துவமனையும் நல்ல காரியம்தானே என்ற வாதம் எடுபடவில்லை. கேட்கப் போனவர்கள் அந்தத் தெருக்காரர்களே.

"இடம் கொடுத்தாலும் இந்தப் பிள்ளைகள் போனை விட்டு வர மாட்டார்கள்" என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. அந்தப் போன் அவர்கள் கைக்கு எப்படி வந்தது என்று நினைத்துப்பாருங்கள். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினோம். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1இல். ஒன்றரை ஆண்டுக்கு மேல், பாடம் நடத்தவென்று கடன் வாங்கியாவது போன் வாங்கிக் கொடுத்து, ஆறு வயதுப் பிள்ளையை அதன் முன்னால் உட்கார வைத்தவர்கள் பெரியவர்கள். நோய்க்காலத்தில் வேறு வழி இல்லை, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பழக்கிவிட்டதும் நாம், பழகிவிட்டார்களே என்று திட்டுவதும் நாம் என்றால், அதில் நியாயம் இல்லை. அதோடு, மைதானம் திறந்திருக்கும் ஊர்களில் சாயங்காலம் போய்ப் பாருங்கள். கிரிக்கெட் மட்டைகளும் கைப்பந்து வலையும் தயாராக இருக்கின்றன. இடம் பற்றாமல் ஒரே தரையில் நான்கு ஆட்டம் குறுக்கும் நெடுக்குமாக நடக்கிறது. ஆசை இல்லாத பிள்ளைகள் செய்கிற காரியமா அது?

கடைசியாக, "நாங்கள் சும்மா நினைத்துப் பார்த்து மகிழ்கிறோம், அதில் என்ன கெட்டுப்போனது" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மகிழுங்கள். ஆனால் உங்கள் நினைவுக்கு அதைவிடப் பெரிய வேலை இருக்கிறது. உங்கள் ஊரில் மந்தை எதுவரை இருந்தது, களத்துமேடு எது, ஏரி உள்வாயில் எந்த இடத்தில் கோடையில் கிரிக்கெட் ஆடினீர்கள், கிளை நூலகம் முதலில் எந்தக் கட்டடத்தில் இருந்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் மேய்க்கால், மந்தை, களம் என்று வகை பிரித்து எழுதியிருப்பதைத் தரையில் காட்டிக்கொடுக்கக் கூடியவர்கள் நீங்கள்தான். இன்னும் இருபது, முப்பது ஆண்டில் அந்தச் சாட்சிகள் இருக்க மாட்டார்கள். கிராமப் பொதுநிலத்தை ஆக்கிரமித்தவருக்கே வரன்முறைப்படுத்திக் கொடுக்கக் கூடாது என்று 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிலமற்ற கூலிகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் முன்பே கொடுத்ததை அது விலக்கி வைத்திருக்கிறது. அந்த விலக்கை மறந்துவிட்டு, போக்கிடம் இல்லாதவரின் குடிசையை இடிக்க யாரும் உங்கள் நினைவைப் பயன்படுத்த விடாதீர்கள். மதில் போட்டு வளைத்தவர்கள் யார் என்பது ஊருக்குத் தெரியும்.

ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் கூட்டத்துக்குப் போங்கள். விளையாட்டிடம் எது, அதன் புல எண் என்ன, இன்று அதில் என்ன இருக்கிறது என்று கேட்டு, தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். நகரத்தில் இருப்பவர்கள், தங்கள் மனைப்பிரிவின் அங்கீகரித்த வரைபடத்தையும் பூங்கா நிலத்தின் தானப் பத்திரத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்து வாங்குங்கள், விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய்தான். கட்டுகிற நூலக வரி உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்றும் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு காலைப் பொழுதாவது உங்கள் தெருவில் வண்டிகளை எடுத்து வேறிடம் நிறுத்துங்கள், பெண்பிள்ளைகளையும் கூப்பிடுங்கள், எந்தத் தெருப் பிள்ளை வந்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றில் ஒன்றையாவது செய்து முடிக்கும்வரை, பிள்ளைகளைப் பார்த்து "அந்தக் காலத்தில் நாங்கள்" என்று தொடங்காமல் இருங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தலைமுறையைச் சேர்ந்த ஒருவர்